வளையத்தைக் கேட்ட புடலங்கொடி

இன்று என்னைப் பார்க்கிறவர்கள் சுக்கு வியாபாரம் செய்கிற அம்மாள் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. மட்டாஞ்சேரியில் எனக்கு இரண்டு சரக்குக் கிட்டங்கி இருக்கிறது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருமல் வந்தால் என் படம் போட்ட சுக்குக்காப்பிப் பொடியைத்தான் வாங்குகிறார்கள். பத்தாம் வகுப்பில் தோற்று, மறுபடியும் எழுதி, மறுபடியும் தோற்றவள் நான். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை எண்ண ஒரு கை போதும். அதே கணக்கை இப்போது எனக்காகப் பார்க்க இரண்டு பட்டதாரிகள் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். தமிழ் எழுத்தைக்கூட எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. படித்ததெல்லாம் மலையாளத்தில். மூட்டைகளின் மேல் மையால் எழுதியிருந்த விருதுநகர், போடி, தேனி என்ற ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து நானே பழகிக்கொண்டேன். இதில் பிழை இருந்தால் மூட்டை எழுதியவரைப் போய்க் கேளுங்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு வந்த பெருமை. முதலில் வந்தது கூடைப்பந்து. எழுபதுகளின் கடைசியில், எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் என்னைவிட உயரமாக எறிந்தவள் ஒருத்தி இருந்தாள் என்று யாராவது சொன்னால், அவள் வீடு எது என்று கேளுங்கள். சொல்ல முடியாது. அப்படி ஒருத்தி இல்லை.

பள்ளிக்கூடத்து மைதானம் முழுக்கக் கடல் மணல். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அதில் ஓர் இரும்புக் கம்பம், கம்பத்தின் தலையில் ஒரு பலகை, பலகையில் ஒரு வளையம். எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பம் வேண்டும். அது வரும் வரும் என்று நான் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற ஊர்களில் பந்தைத் தரையில் தட்டித் தட்டி ஓடுவதுதான் இந்த விளையாட்டு. எங்கள் மணலில் பந்தைத் தட்டினால் அது பலாப்பழம் மாதிரி விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அதனால் நாங்கள் தட்டவே மாட்டோம். கையிலிருந்து கைக்கு, அங்கிருந்து அடுத்த கைக்கு, கடைசியில் என் கைக்கு, என் கையிலிருந்து வளையத்துக்கு. பந்து தரையைத் தொட்டால் எங்களுக்கு மானம் போன மாதிரி.

இந்தக் கைப்பழக்கம் எங்களுக்குக் கிட்டங்கியில் வந்தது. அணியில் ஐந்து பேர். அதில் நான்கு பேருடைய அம்மாக்களுக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காயலோரத்தில் இருந்த ஒரு சேட்டின் சுக்குக் கிட்டங்கியில்தான் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கப்பைக் கிழங்கும் மீனும் தின்று, அங்கேயே வேர் விட்டவர்கள். வள்ளத்தில் சுக்கு வந்து இறங்கும்போது, படித்துறையிலிருந்து கிட்டங்கிக்கு உள்ளே வரை பெண்கள் வரிசையாக நிற்பார்கள். கூடை ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் பறக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நாங்களும் அந்த வரிசையில் நிற்போம். முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்பதுதான் அங்கே ஒரே பாடம். அந்தப் பாடத்தில் மட்டும் நான் தோற்றதில்லை.

வரிசையின் தலையில் நின்று கூடை எண்ணுகிறவள் என் அம்மா. அவள் குரலுக்கு, நடுக்காயலில் எர்ணாகுளம் போட்டில் போகிறவனும் திரும்பிப் பார்ப்பான். ஒன்று என்று அவள் தொடங்க மாட்டாள். முதல் கூடை எப்போதும் ‘லாபம்’. லாபம், ரெண்டு, மூணு என்று போய்ப் பத்து வந்ததும், ‘இறக்கு’ என்பாள். யார் கையில் என்ன இருந்தாலும் நின்ற இடத்தில் தரையில் வைத்துவிட வேண்டும். கணக்குப்பிள்ளை சுவரில் ஒரு கரிக்கோடு போடுவார். பிறகுதான் மறுபடி லாபம். ஒருத்தி இறக்காமல் விட்டால் எண்ணிக்கை குழம்பிவிடும், அன்று பொழுதெல்லாம் சண்டைதான். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் புத்திக்குப் போகாது, நேரே கைக்குப் போகும். யோசித்து இறக்கியவள் என்று எவளும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசி மணி கிளப்புகளுக்கு. ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு கிளப்பில் இருந்தே ஆக வேண்டும். சயன்ஸ் கிளப்பில் குப்பிக்குள் ஊறப்போட்ட ஒரு தவளை இருந்தது. இலக்கியக் கிளப்பில் ஒரே பெண் ஒரே பாட்டை வருஷம் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தாள். தையல் கிளப்புக்குப் பூ மட்டும்தான் தைக்க வரும். தோட்டக் கிளப் கத்தரி, வெண்டை, பூசணி எல்லாம் போட்டு, பள்ளிக்கூடத்தில் மணல் இல்லாத ஒரே மூலையைத் தன் பேரில் எழுதிக்கொண்ட மாதிரி வேலி கட்டி வைத்திருந்தது. எங்கள் கூடைப்பந்துக் கிளப்பிடம் ஒரு பந்து இருந்தது. அதுவும் காற்று போகும்.

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொல்வது தலைமை ஆசிரியையை. மலையாளம்தான் அவர் பேச்சு. தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் இரண்டையும் கலந்து ஊற்றுவார். எல்லாக் கிளப்புகளிடமும் அவர் கேட்பது ஒரே கேள்வி: “காட்டுறதுக்கு எந்தா உள்ளது?” வருஷக் கடைசியில் காட்டுவதற்கு ஏதாவது இருந்தால் கிளப் உண்டு. இல்லையென்றால் கிளப் இல்லை. தோட்டக் கிளப் பூசணிக்காயைக் காட்டியது. அது பெரிய டீச்சர் வீட்டுக்கே போயிற்று. நாங்கள் என்ன காட்டுவது, வியர்வையையா?

அந்த வருஷம் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் எங்கள் கம்பத்தடியில் ஒரு புடலை நாற்று நிற்கிறது. சுற்றிலும் மூன்று கூடை செம்மண். தோட்டக் கிளப் செக்ரட்டரி குந்தி உட்கார்ந்து அதற்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் முதலாவதாக வருகிறவள், எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல்.

“இது யாரு நட்டது?” என்றேன்.

“பெரிய டீச்சர் சொல்லித்தான். கம்பம் சும்மா நிக்குது, கொடி ஏத்தலாம்னு.”

“சும்மா நிக்குதா? அப்ப நாங்க யாரு?”

“நீங்களும் சும்மாதானே நிக்கிறீங்க.” அவள் வளையத்தை அண்ணாந்து பார்த்தாள். “புடலை அந்த ரிங்கு வழியா நேரே கீழ இறங்கும். நுனியில கல்லு கட்டினா வளையவே வளையாது. பாக்க என்ன ஒரு பங்கியா இருக்கும்.”

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, அவள் சொன்னது கண்ணில் தெரிந்தது. என் வளையம் வழியாகப் பச்சையும் வெள்ளையுமாக ஒரு முழ நீளப் புடலங்காய், நுனியில் கல்லோடு. அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் ஒரு காரியத்துக்கும் கூப்பிட்டதில்லை. கேள்வி கேட்டால் என் பெஞ்சைத் தாண்டித்தான் டீச்சர்மார் கண் போகும். அந்தக் கம்பத்தடியில் மட்டும், “இங்கே எறி, எனக்கு எறி” என்று நான்கு பேர் கத்துவார்கள். அதையும் கொடிக்குக் கொடுத்துவிட்டால் நான் அங்கே எதற்கு?

எங்கள் டிரில் டீச்சரும் நானும் பெரிய டீச்சர் அறைக்குப் போனோம். டிரில் டீச்சர் சின்ன வயசு, திருச்சூர்க் காலேஜில் விளையாடியவர், கழுத்தில் விசில் போட்டபடியே சாப்பிடுகிறவர். சனிக்கிழமை எர்ணாகுளத்தில் ஒரு போட்டி, ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை உண்டு என்றார்.

“போயிட்டு வா,” என்றார் பெரிய டீச்சர். “காட்டுறதுக்கு எந்தெங்கிலும் கொண்டு வந்தால் கிளப் உண்டு. வெறும் கையோடே வந்தால் திங்களாழ்ச்ச கொடி ஏறும். சரியா, மோளே?”

“கொண்டு வருவோம் டீச்சர்,” என்றேன்.

“கணக்குப் பரீட்சைக்கும் நீ இப்படித்தான் சொன்னது.”

தையல் கிளப் எங்கள் சட்டை முதுகில் எண் தைத்துக் கொடுத்தது. பூ மட்டுமே தெரிந்தவர்கள் என்று முன்பே சொன்னேன். எனக்கு ஏழாம் எண். ஏழின் வாலில் ஒரு ரோஜா. மூன்றுக்கு இரண்டு பக்கமும் செம்பருத்தி. எட்டின் வயிற்றுக்குள்ளே தாமரை. சனிக்கிழமை காலையில் தலையில் பந்தை வைத்துக்கொண்டு போட்டில் ஏறினேன். மட்டாஞ்சேரியே கரையில் நின்று பார்த்தது. பார்க்காதவர்கள் கொடுத்து வைக்காதவர்கள்.

அன்று சேட் வீட்டில் கல்யாணம், கிட்டங்கிக்கு லீவு. அம்மாமார் சும்மா இருப்பார்களா? கப்பையை அவித்து, மீன் கறியைத் தூக்குவாளியில் ஊற்றி, எங்களுக்குப் பின்னாலேயே அதே போட்டில் ஏறிவிட்டார்கள்.

“எம்மா, நீங்க எதுக்கு?” என்றேன்.

“நீ எறியறதைப் பாக்கத்தான். வீட்டுல சட்டிப்பானையத்தான் எறியறே. அங்க எதை எறியறேன்னு பாக்கணும்லா.”

“அங்க வந்து சத்தம் போடக் கூடாது.”

“நான் எப்பம்ட்டி சத்தம் போட்டேன்?” என்று அம்மா கேட்டது, போட்டின் மறுகோடியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவருக்கும் கேட்டு, அவர் நிமிர்ந்து பார்த்தார்.

எர்ணாகுளத்துப் பள்ளிக்கூடம் அரண்மனை மாதிரி. ஆடுகளம் முழுக்கச் சிமெண்ட். இரண்டு பக்கமும் கம்பம், இரண்டிலும் வளையம், வளையத்தில் வலைகூட உண்டு. எங்கள் மூன்றாம் எண்காரி வலையைப் பார்த்து, “இதுல மீன் விழுமாடி?” என்றாள். நான் பந்தைச் சும்மா கீழே போட்டுப் பார்த்தேன். அது எழுந்து வந்து என் தாடையில் அடித்தது. பந்துக்கு இத்தனை உயிர் உண்டென்று எனக்குத் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்து அணி வெள்ளைக் காலுறை, வெள்ளை ஷூ எல்லாம் போட்டு, எங்கள் ரோஜாவையும் தாமரையையும் பார்த்து ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துச் சிரித்தது. மூன்றாவதாக வர வேண்டிய அணிக்குப் பஸ் கிடைக்கவில்லை. அதனால் முதல் ஆட்டமே இறுதி ஆட்டம், இருந்தது ஒரே கோப்பை.

விசில் அடித்ததும் அவர்கள் சிரிப்பு நின்றது. பந்து எங்கே என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் டொக்கு டொக்கு என்று தட்டிக்கொண்டு வருவார்கள். நடுவில் நான் நீட்டுகிற கைக்குப் பந்து வந்துவிடும். அப்புறம் அது தரைக்கு வராது. மூன்றுக்கு, எட்டுக்கு, மூன்றுக்கு, எனக்கு. பறித்துப் போக வருகிறவள் வெறும் காற்றைப் பறிப்பாள். நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தோம். அவர்கள் முகத்தைப் பார்த்துத் தேடினார்கள். அவர்களும் நல்ல ஆட்டக்காரிகள்தான், அதை மறைக்கக் கூடாது. அவர்களுடைய கேப்டன் ஓடினால் பின்னால் போகிற எங்களுக்கு அவள் ஷூவின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். அவள் போட்டால் நான் போடுவேன், நான் போட்டால் அவள்.

இடைவேளையில் அவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர், எங்களுக்குக் கப்பை. இரண்டாம் பாதியில் நாங்கள் கொஞ்சம் மெதுவாக ஓடியதற்கு அது காரணமாக இருக்கலாம். நன்றாகத்தான் இருந்தது.

களத்தின் ஓரத்தில் அம்மாமார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டு அவர்களுக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பந்து வளையத்தில் விழுவது ஒரு கணக்கு. முதல் பந்து விழுந்ததுமே அம்மா, “லாபம்” என்றாள். அது எதிர் அணி போட்ட பந்து.

“அது அவங்க போட்டதுக்கா,” என்றாள் பக்கத்தில் இருந்த எட்டாம் எண்காரியின் அம்மா.

“எவ போட்டா என்னட்டி? விழுந்தது விழுந்ததுதானே. ரெண்டு.”

இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கை. நான் களத்தில் இருந்து பார்க்கிறேன், சிரிப்பும் வருகிறது, ஓடவும் வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில் ஒரு சிக்கல். இந்த விளையாட்டில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்தால், இடிபட்டவளுக்குத் தனியாக நின்று எறியக் கொடுப்பார்கள். அது விழுந்தால் இரண்டு புள்ளி இல்லை, ஒரு புள்ளிதான். எங்களுக்கு அப்படி ஒன்று விழுந்தது, அவர்களுக்கும் ஒன்று. அம்மா டிரில் டீச்சரைக் கூப்பிட்டு, “இதுக்கு என்ன, குறைவா?” என்று கேட்டிருக்கிறாள். ஆட்டத்தில் கண்ணாக இருந்த டீச்சர், “பாதி, பாதி” என்று சொல்லிவிட்டார். அங்கே தொடங்கியது வழக்கு.

“ரெண்டு அரை வந்திருக்கு. சேத்தா ஒரு கூடை. அப்பம் ஒம்பது,” என்றாள் எட்டாம் எண்காரியின் அம்மா.

“அரைன்னாலும் கை வலிச்சுத்தானே எறியறா. முழுசா எண்ணு. பத்து,” என்றாள் மூன்றாம் எண்காரியின் அம்மா.

“சுக்கு அரைக் கூடை வந்தா முழுசுன்னு எண்ணுவியாக்கா?”

“அரைக் கூடைய நான் என்னிக்குட்டி வரிசையில விட்டேன்?”

வழக்கு அங்கே நடக்க, களத்தில் ஒன்பதுக்கு ஒன்பது. நேரம் முடியப் போகிறது, விசில்காரர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் எண்காரி பறித்த பந்து எட்டுக்குப் போய் என்னிடம் வந்தது. என் முன்னால் ஒருவரும் இல்லை. வளையமும் நானும்தான். அந்தத் தூரத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவேன், இன்றைக்கும் போடுவேன், பந்து கொண்டு வாருங்கள். கையை உயர்த்தினேன்.

அம்மா வழக்கைத் தீர்த்துவைத்தாள். “முழுசுதான். பத்து. இறக்கு.”

நான் குனிந்து பந்தைத் தரையில் வைத்தேன்.

நான் மட்டுமா? கிட்டங்கிப் பிள்ளைகள் நால்வரும் அப்படியே குனிந்தோம். வெறுங்கையாக இருந்த மூவரும் தரையைத் தொட்டார்கள். கிட்டங்கியில் வேலை பார்க்காத அம்மாவுக்குப் பிறந்த ஐந்தாவது பெண் மட்டும், என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எதிர் அணிக் கேப்டன் பந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எடுக்கவில்லை. ஏதோ தந்திரம் என்று பயந்துவிட்டாள். விசில்காரரைப் பார்த்தாள். அவருக்கும் இது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தெரியவில்லை, விசிலை வாயில் வைத்தபடி தோளைக் குலுக்கினார். அதற்குப் பிறகுதான் அவள் பந்தை எடுத்தாள், ஓடினாள், போட்டாள். நான் நிமிர்ந்தபோது நீண்ட விசில் ஊதிவிட்டது. பதினொன்றுக்கு ஒன்பது.

அம்மா களத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். “ஏட்டி, நல்லாத்தானே நின்னே. எதுக்கு இறக்குனே?”

“நீதானேம்மா இறக்குன்னே.”

“நான் கணக்குக்குச் சொன்னேன். ஒனக்கா சொன்னேன்?”

“என்னிக்கும் கணக்குக்குத்தானே சொல்லுதே. என்னிக்கு நாங்க இறக்காம இருந்தோம்?”

அம்மா முகத்தை முந்தானையால் துடைத்தாள். “அதுவும் சரிதான்,” என்றாள். முதலில் சிரித்தவள் எட்டாம் எண்காரியின் அம்மா. அப்புறம் யாராலும் நிற்க முடியவில்லை. நான் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, அழ வேண்டிய நேரத்தில், வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா சொல்லிப் பந்தை இறக்கியதற்கு நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படவில்லை. அந்தக் குரலுக்கு இறக்காத கையை எனக்குக் காட்டுங்கள்.

எதிர் அணிக் கேப்டன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எங்களிடம் வந்தாள். அவளுக்குக் கோப்பையில் மனசில்லை.

“நிங்ஙள் பந்து தட்டவே இல்லையே. எங்ஙனே?” என்றாள்.

“எங்க கோர்ட்டு அப்படி,” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“எப்படி?”

“வந்து பாரு.”

அவர்களுடைய டீச்சரும் வந்துவிட்டார். இந்த மாதிரிக் கைகளை எங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டும், உங்கள் கோர்ட்டில் வந்து ஒரு நாள் ஆடலாமா என்று எங்கள் டிரில் டீச்சரிடம் கேட்டார். எங்கள் டீச்சர் கண் இமைக்காமல், “அடுத்த சனிக்கிழமை வாருங்கள்,” என்றார். திரும்பி வரும் போட்டில் பாதித் தூரம் சிரித்துவிட்டு, திடீரென்று என் தோளைப் பிடித்தார்.

“எடி, திங்களாழ்ச்ச கொடி ஏறுமே.”

திங்கட்கிழமை காலையில் பெரிய டீச்சர் அறையில் தோட்டக் கிளப் செக்ரட்டரி எங்களுக்கு முன்பே வந்து நின்றாள், கையில் கயிற்றுச் சுருளோடு. புடலை அந்த ஒரு வாரத்தில், யாரும் கயிறு கட்டி ஏற்றாமலே, கம்பத்தில் என் இடுப்பு வரை ஏறியிருந்தது.

“காட்டுறதுக்கு எந்தா உள்ளது?” என்றார் பெரிய டீச்சர்.

டிரில் டீச்சர் விசிலைத் திருகினார். நான் சொன்னேன், “அவங்களே வர்றாங்க டீச்சர்.”

“யாரு?”

“ஜெயிச்சவங்க. நம்ம கோர்ட்டைப் பாக்கணுமாம்.”

“எர்ணாகுளத்துக்காரா? இவிடெயா?” பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பெரிய ஸ்கூளா?”

“அதேதான். அவங்க டீச்சரும் வருவாங்க.”

அவர் ஜன்னல் வழியாக மணலைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். எங்களைத் தேடி எர்ணாகுளத்திலிருந்து இதுவரை வந்தது ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மட்டும்தான். அதுவும் குறை சொல்ல. “கயிறு இப்போ வேண்டா,” என்றார் செக்ரட்டரியிடம். என்னைப் பார்த்து, “சனிக்கிழமை கழிஞ்ஞு தீருமானிக்கலாம். ஜெயிச்சாலே கிளப்புன்னு நினைக்காதே. நான் பாக்கணும். அந்தக் கம்பத்தில் பாக்குறதுக்கு என்ன இருக்குன்னு நான் பாக்கணும்.”

அந்த வாரம் எந்தக் கிளப்பும் தன் வேலையைப் பார்க்கவில்லை. தையல் கிளப் வளையத்துக்கு வலை பின்னியது. இலக்கியக் கிளப் வரவேற்புப் பாட்டு எழுதியது, மெட்டு அதே பழைய மெட்டு. சயன்ஸ் கிளப் தவளைக் குப்பியைத் துடைத்து வைத்தது. தோட்டக் கிளப் செக்ரட்டரி புடலையைக் கம்பத்திலிருந்து பிரித்து, நோகாமல் வட்டமாகச் சுருட்டி அடியில் வைத்தாள். “வெட்டல. சனிக்கிழமை சாயங்காலம் மறுபடி ஏத்திருவேன்,” என்றாள்.

“ஏத்து பாக்கலாம்,” என்றேன்.

சனிக்கிழமை வெள்ளைக் காலுறைகள் போட்டிலிருந்து இறங்கின. கேட்டைத் தாண்டி இரண்டு அடி வைத்ததும் ஷூவுக்குள் மணல் போய்விட்டது. கேப்டன் பந்தை வாங்கி, வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினாள். பந்து கீழே போனது. அவள் கை காற்றில் அதற்காகக் காத்திருந்தது. பந்து வரவே இல்லை. குனிந்து பார்த்தாள். மறுபடி எடுத்து, இன்னும் ஓங்கித் தட்டினாள். புதைந்துவிட்டது.

“இது செத்துப் போச்சோ?” என்றாள்.

ஒரே வளையம் என்பதால் இரண்டு அணியும் அதிலேயே போட வேண்டும் என்று டிரில் டீச்சர் விளக்கினார். விளக்கி முடிப்பதற்குள் நான் இரண்டு போட்டுவிட்டேன். சுவருக்கு மேல் அம்மாமாரின் தலைகள். அம்மா முந்தானை நுனியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள், ஒரு சொல்லும் வெளியே வராமல் இருக்க. விரலால் எண்ணினாள். பிறகு அவர்களும் ஷூவைக் கழற்றி, தட்டுவதை விட்டு, எங்களைப் போலவே எறிந்து பார்த்தார்கள். நடுநடுவே விழுந்தார்கள், மணலில் புரண்டார்கள், வெள்ளைச் சட்டை எல்லாம் பழுப்பு. எத்தனை வித்தியாசத்தில் ஜெயித்தோம் என்று சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள். நிறைய. முடிவில் எல்லோரும் யார் எந்த அணி என்று பார்க்காமல் கலந்து, பத்துப் பேரும் ஒரே வட்டமாக நின்று எறிந்துகொண்டிருந்தோம். கேப்டன், “எனிக்கு, எனிக்கு” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பெரிய டீச்சர் குடை பிடித்து ஓரமாக நின்று முழுதும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாயா ஆறுகிறது என்று ஆள் வந்து சொல்லியும் போகவில்லை. எறிந்த பந்து ஒன்று தவறி அவர் காலடியில் வந்து விழுந்தது. தோட்டக் கிளப் செக்ரட்டரி கொடிச் சுருளுக்குப் பக்கத்தில் கயிற்றோடு தயாராக நின்றாள்.

பெரிய டீச்சர் குடையை மடக்கி அவளிடம் கொடுத்தார். பந்தை எடுத்தார். கனம் பார்த்தார். “இதுக்கு இத்தனை பாடா?” என்று கேட்டுக்கொண்டு, தலைக்கு மேலே தூக்கி, வளையத்தைப் பார்த்து ஒரு எறி எறிந்தார்.

பந்து பலகையில் படவே இல்லை. பலகைக்கு மேலே போய், வேலி தாண்டி, கத்தரிப் பாத்தியில் விழுந்தது. சுவருக்கு மேலிருந்து அம்மாமார் ‘ஐயோ’ என்றார்கள். எர்ணாகுளத்து டீச்சர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். செக்ரட்டரி குடையையும் கயிற்றையும் கீழே போட்டுவிட்டுப் பாத்திக்கு ஓடி, ஒடிந்த கத்தரிச் செடியின் மேலிருந்து பந்தை எடுத்தாள். அவள் முகம் அழுகிற முகம்.

“டீச்சர், கொடி—” என்று தொடங்கினாள்.

பெரிய டீச்சருக்கு அது காதில் விழவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். செருப்பைக் கழற்றி, மணலில் காலை அகற்றி ஊன்றினார். கண் வளையத்தை விட்டு நகரவில்லை. பந்து வைத்திருந்த அவள் பக்கம் இரண்டு கையையும் நீட்டினார்.

“மோளே,” என்றார், “இங்கோட்டு எறி.”